மணப்பெண்ணின் நகமும் மஞ்சள் மூடியும்

தள்ளு, கேளு, இழு. பதினேழாம் எண் மேசையில் உட்காருகிறவளுக்கு வேலை இந்த மூன்று சொல்தான். மஞ்சள் கனெக்டரின் வாய்க்குள் இரண்டு கம்பிகளையும் தள்ள வேண்டும். மேலே இருக்கும் குட்டி மூடியைப் பெருவிரலால் அழுத்தி, 'க்ளிக்' கேட்க வேண்டும். பிறகு கம்பியைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். வராவிட்டால் நல்லது. வந்தால் சிவப்புத் தொட்டி.

கேட்க வேண்டும் என்பது சும்மா பேச்சுக்கு. ஹுவாரெஸ் நகரத்தின் அந்தத் தொழிற்சாலையில் கம்பி வெட்டும் இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் கத்திப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும். க்ளிக்கைக் கேட்பது காது இல்லை, பெருவிரலின் சதை. மூடி தன் பள்ளத்தில் விழும்போது எறும்பு கடித்தாற்போல ஒரு சின்னத் துள்ளல். நெரெய்தாவின் பெருவிரல் ஆறு வருடமாக அந்தத் துள்ளலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கனெக்டர் போய்ச் சேருகிற இடம் ஏதோ ஒரு காரின் ஸ்டீயரிங்குக்குள். ஏர்பேக்கை ஊதவைக்கிற குப்பியின் வாயில் அது பொருந்தும். கார் எதிலாவது மோதினால் அந்த இரண்டு கம்பி வழியாகத்தான் செய்தி போகும், கண் இமைப்பதற்குள் பை விரியும். காரின் ஆயுசு முழுக்க ஒரே ஒரு தடவைதான் அதற்கு வேலை. அநேகமாக அந்த ஒரு தடவையும் வராது. ஆனாலும் வருகிற நாளில் கம்பி கழன்று கிடக்கக்கூடாது.

அன்று பிப்ரவரி பதினான்கு, வெள்ளிக்கிழமை. நெரெய்தாவுக்குக் கல்யாணம்.

வருடா வருடம் அந்தத் தேதியில் பதிவாளர் அலுவலகம் நகரத்து உள்விளையாட்டு அரங்கில் மேசை போட்டு, வருகிற ஜோடிகளுக்கெல்லாம் காசு வாங்காமல் கல்யாணம் செய்துவைக்கும். இந்த வருடம் நூற்றெண்பது ஜோடி. நெரெய்தாவும் எவாரிஸ்தோவும் நூற்றுப் பன்னிரண்டாவது. மாலை ஐந்து மணிக்கு ஆரம்பம்.

இரண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் நடத்த ஆரம்பித்துப் பதினோரு வருடமாகிறது. மகள் யமிலெத்துக்கு ஒன்பது வயது. கல்யாணத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை எவாரிஸ்தோவின் பிறப்புச் சான்றிதழில் அவன் பெண் என்று எழுதியிருந்தது. அதைத் திருத்தி வாங்குவதற்குள் வருடம் ஓடிவிட்டது. இரண்டாம் தடவை அவன் ஓட்டுகிற பஸ்ஸின் கியர்பெட்டி பாதி வழியில் கழன்றுவிட்டது. இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அரங்கில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணம் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன என்று நெரெய்தாவும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். போன கோடையில் எவாரிஸ்தோவுக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாசலில் நின்ற காவல்காரன், "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டான். பதற்றத்தில் அவள், "நான் அவரோட ஒல்லிங்க" என்று சொல்லிவிட்டாள். எவாரிஸ்தோ அவளை அப்படித்தான் கூப்பிடுவான். ஒல்லியெல்லாம் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. காவல்காரன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தான். உள்ளே விடவில்லை. அன்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் முடிவு செய்தாள், அடுத்த தடவை எவன் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும் என்று.

யமிலெத்தோ வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "இந்த வருஷமும் நடக்கலைன்னா நான் ஸ்கூலுக்குப் போக மாட்டேன். டீச்சர் வேற வாழ்த்து அட்டை செஞ்சு கொடுத்திருக்காங்க" என்று காலையிலேயே மிரட்டிவிட்டுத்தான் போனாள்.

கல்யாணப் பரிசாக அந்த வரிசைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நெரெய்தாவுக்கு நகம் வைத்துவிட்டிருந்தார்கள். யோசனை தொமாசாவுடையது. தொமாசா வரிசையின் கடைசி மேசையில் சோதனை பார்ப்பவள். ஒவ்வொரு கனெக்டரையும் சோதனைப் பெட்டியில் செருகுவாள், பச்சை விளக்கு எரிந்தால் "பச்சை! அடுத்தது!" என்பாள். ஐம்பது வயது, குரல் மட்டும் தனியாக ஒரு இயந்திரம். யமிலெத்தை ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்தி நின்றவள் அவள்தான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கோமாத்ரே', அதாவது கூட்டுத்தாய், என்றுதான் கூப்பிடுவார்கள்.

முந்தின நாள் மாலை தொமாசா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நகக்கடையில் உட்காரவைத்தாள். பால் வெள்ளையில் நீள நீளமாகப் பத்து நகம். பெருவிரல் இரண்டிலும் மூன்று மூன்று கல். வேலையில் மோதிரம் போடக்கூடாது, வளையல் கூடாது, காதில் தொங்கல் கூடாது. ஆறு வருடமாக மொட்டைக் கையாகவே இருந்தவளுக்குத் தன் கையைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

நகமும் கூடாதுதான். 'நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்' என்று சுவரிலேயே பலகை தொங்கியது. காலை ஆறு மணிக்கு இஞ்சினியர் பல்தசார் சுற்றி வந்தபோது நெரெய்தா இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டாள். பல்தசாருக்கு இருபத்தாறு வயது. மீசை இன்னும் முழுசாக ஒத்துழைக்கவில்லை.

"கையக் காட்டுங்கக்கா" என்றான்.

காட்டினாள்.

அவன் பலகையைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான். பன்னிரண்டு பெண்களும் தன்னையே பார்ப்பதையும் பார்த்தான்.

"இஞ்சினியர், மணப்பொண்ணு நகத்துல கை வச்சா உங்களுக்கு ஏழு வருஷத்துக்குப் பொண்ணு கிடைக்காது" என்றாள் தொமாசா.

"இப்பவும் ஒண்ணும் கிடைக்கலையே" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. பல்தசாரின் காது சிவந்துவிட்டது. "நான் எதையும் பாக்கல. இன்னைக்கு ஒருநாள்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

நெரெய்தா மணிக்கட்டுப் பட்டையை மாட்டிக்கொண்டாள். உடம்பில் ஊறுகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குவதற்காக எல்லோர் கையிலும் ஒரு பட்டை, பட்டையிலிருந்து சுருள் கம்பி, கம்பியின் மறுமுனை மேசையில். கட்டிப்போட்ட ஆடுகள்போல உட்கார்ந்து பன்னிரண்டு பேரும் வேலையை ஆரம்பித்தார்கள்.

காலை முழுவதும் ஒரே கேலி. சாப்பாட்டு வேளையில் பர்ரிட்டோவைக் கடித்துக்கொண்டே தொமாசா ஒரு கனெக்டரை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "இதுக்குள்ள ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கு, தெரியும்தானே? குப்பியில பொருத்தாம இருக்கிற வரைக்கும் அது ரெண்டு கம்பியையும் தொட்டுக்கிட்டே வச்சிருக்கும். கைகோத்துக்கிட்டு, சிவனேன்னு, எந்த நெருப்பும் பத்தாம. பொருத்தின உடனே ரெண்டும் தனித்தனி. அப்புறம்தான் வெடி!" நெரெய்தா பக்கம் திரும்பினாள். "பதினோரு வருஷமா கைகோத்துக்கிட்டு நல்லாத்தானே இருக்கீங்க கோமாத்ரே? எதுக்குப் போய்ப் பொருத்துறீங்க?"

"நீங்க மூணு தடவ பொருத்துனீங்களே, வெடிச்சதா?" என்றாள் நெரெய்தா.

"ரெண்டு வெடிச்சுது. மூணாவது நமத்துப் போச்சு, வீட்டுல டிவி பாத்துக்கிட்டு இருக்கு."

இப்படியே மணி ஒன்றே முக்கால் ஆனது. அப்போதுதான் நெரெய்தாவின் வலது பெருவிரல் நகம் நடுவில் முறிந்தது. கல் ஒன்று தெறித்து மடியில் விழுந்தது. ஐயோ என்று நினைத்தாள். சாயங்காலம் வரை அதை மறைத்துக்கொண்டால் போதும் என்றும் நினைத்தாள். கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கனெக்டரில் கம்பிகளைத் தள்ளி, மூடியை அழுத்தினாள்.

க்ளிக்.

எறும்பு கடித்தது. பெருவிரலின் சதையில், பழைய இடத்தில், பழைய துள்ளல்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. காலையிலிருந்து இது கடிக்கவே இல்லை. காலையிலிருந்து அவள் நகத்தின் நுனியால் அல்லவா அழுத்திக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டும் இருந்ததில் விரல் ஊமையாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

தட்டில் முடித்துவைத்திருந்த கனெக்டர் ஒன்றை எடுத்து மூடியைச் சதையால் அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை, நன்றாக மூடியிருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. மூன்றாவதை அழுத்தினாள். க்ளிக். பாதி மூடிக் கிடந்தது இப்போதுதான் மூடியது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. தொமாசாவின் பெட்டியிலும் மூன்றும் பச்சைதான் காட்டும். கம்பி உள்ளே தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எரியும், மூடி பாதியா முழுசா என்று விளக்குக்குத் தெரியாது. நேற்று ஒட்டிய நகங்களுக்குப் பயந்து இழுப்பையும் காலையிலிருந்து மெதுவாகத்தான் இழுத்திருந்தாள். பாதி மூடிய மூடி காரின் குலுக்கலில் வருடம் ஒன்று தாங்கும், இரண்டு தாங்கும். பிறகு ஒருநாள் கம்பி பின்னால் நழுவும். அது யாருக்கும் தெரியவராது, அந்த ஒரே ஒரு தடவை வருகிறவரை.

ஐம்பது ஐம்பதாக இருபத்திரண்டு பெட்டிகள். எல்லாம் சரக்கு வாசலில் அடுக்கியிருந்தன. இரண்டரை மணிக்கு லாரி எல்லைப் பாலம் தாண்டி அக்கரை நாட்டுக்குப் போய்விடும்.

மூன்றரைக்கு ஷிஃப்ட் முடியும். மூன்றே முக்காலுக்கு எவாரிஸ்தோ வாசலில் நிற்பான். இப்போது வாயைத் திறந்தால் இருபத்திரண்டு பெட்டியும் திரும்பி வரும். ஒவ்வொன்றாகப் பிரித்து, அழுத்தி, இழுத்து, சோதித்து, மறுபடி அடுக்க வேண்டும். பிரித்த பெட்டி ஒவ்வொன்றின் சீட்டிலும் அதைச் செய்தவளின் எண்ணை அவள் கையாலேயே மறுபடி எழுத வேண்டும். பதினேழு. வேறு யாரும் எழுத முடியாது. ஐந்து மணிக்கு அரங்கத்தில் இருக்க முடியாது. இந்தத் தடவையும் நாற்காலி மடக்குவதைப் பார்க்க வேண்டியதுதான்.

நெரெய்தா இன்னும் நான்கு கனெக்டர் செய்தாள். நான்கும் க்ளிக். ஐந்தாவதை எடுத்தபோது அவளுக்கு எவாரிஸ்தோவின் பஸ் ஞாபகம் வந்தது. அக்கரையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோய், இங்கே வந்து வெள்ளைச் சாயம் பூசிக்கொண்ட பழைய பஸ். அதில் ஏர்பேக் கிடையாது. ஸ்டீயரிங்குக்கு மேலே மாதாவின் படமும் யமிலெத்தின் ஒரு பால்பல்லும்தான் காவல். தினமும் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு அவன் புழுதிக்காற்றில் போவதை நினைத்து அவள் எத்தனையோ நாள் பயந்திருக்கிறாள். யாருடைய ஒல்லியோ எங்கேயோ உட்கார்ந்து, 'இவன் காரில் பை இருக்கிறது, பயமில்லை' என்று நிம்மதியாக இருப்பாள்.

எழுந்து கயிற்றை இழுத்தாள்.

வரிசைக்கு மேலே தொங்கும் அந்தக் கயிற்றை இழுத்தால் சிவப்பு விளக்கு சுற்றும், வேலை நிற்கும், பிறந்தநாள் பொம்மையிலிருந்து வருவதுபோல ஒரு பாட்டு கிணுகிணுவென்று ஒலிக்கும். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மணப்பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விளையாட்டு என்றே நினைத்துக் கைதட்ட ஆரம்பித்தார்கள். "ஆடு! ஆடு!" என்று கத்தினார்கள். ஒருத்தி கோட்டை விரித்துச் சுழன்று ஆடியே விட்டாள்.

"நிறுத்துங்கடி!" என்றாள் நெரெய்தா. முறிந்த நகத்தோடு பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். "காலையிலேர்ந்து நான் க்ளிக்கே கேக்கல."

கைதட்டல் நின்றது. பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கிணுகிணுத்தது.

பல்தசார் ஓடிவந்தான். மூன்று கனெக்டரை அவனே அழுத்திப் பார்த்தான். இரண்டாவதில் அவன் முகம் மாறியது. ரேடியோவை எடுத்து, "லாரிய நிறுத்துங்க. பதினேழோட பெட்டி எல்லாம் திரும்ப வரணும்" என்றான். பிறகு அவளிடம் குரலைத் தாழ்த்தி, "உங்க தப்பு இல்லக்கா. பலகையப் பாத்துட்டும் கண்ண மூடிக்கிட்டவன் நான்தான். அப்படியேதான் எழுதப் போறேன்" என்றான்.

"நகம் வச்சது நான்" என்றாள் தொமாசா. அவள் குரல் முதல்முறையாகச் சின்னதாக இருந்தது.

நெரெய்தா கம்பி வெட்டும் கத்தரியை எடுத்து, இடது பெருவிரல் நகத்தை முதலில் வெட்டினாள். பிறகு வலது. கல் பதித்த துண்டுகள் மேசையில் விழுந்தன. "மத்த எட்டும் இருக்கட்டும். கல்யாணத்துக்கு எட்டு போதும்" என்றாள்.

பெட்டிகள் வந்தன. ஆயிரத்து நூறு கனெக்டர். பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். எடு, அழுத்து, இழு, தொமாசாவிடம் கொடு. முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் யாருக்கோ 'க்ளிக்' என்றது. அவள் கை உயர்த்தினாள். எல்லோரும் நெரெய்தாவைப் பார்த்தார்கள். அவள் கண் நிறைந்துவிட்டது.

தொமாசாவுக்கு அது பொறுக்கவில்லை. குரலைப் பழைய அளவுக்கு ஏற்றினாள். "யாரு அது கண்டுபிடிச்சது? உனக்கு ராத்திரி மாப்பிள்ளையோட ஒரு ஆட்டம்! இன்னைக்கு இதுதான் சட்டம். ஒரு க்ளிக்குக்கு ஒரு ஆட்டம். எவாரிஸ்தோ வட்டி போட்டுத் தரணும்!"

அதற்குப் பிறகு வேலை வேறு மாதிரி நடந்தது. ஒவ்வொரு க்ளிக்குக்கும் "எனக்கு ஒண்ணு!" என்று கூச்சல். பல்தசார் பலகையில் பெயர் எழுதிக் கோடு போட்டான். "எனக்கு மெதுவான பாட்டுதான் வேணும், சொல்லிட்டேன்" என்றாள் ஒருத்தி. "அவன் காலு எவ்வளவு பெருசு? என் செருப்பு புதுசு" என்றாள் இன்னொருத்தி. நெரெய்தாவும் அழுகையும் சிரிப்புமாக அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் கையிலும் ஒன்று க்ளிக் என்றபோது, "இது செல்லாது! வீட்டுக்காரிக்குக் கணக்கில்ல" என்று எல்லோரும் சேர்ந்து தள்ளுபடி செய்தார்கள்.

மூன்றரை மணி அடித்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் ஷிஃப்ட் பெண்கள் வந்து நின்று விஷயத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையை முன்பின் பார்த்திராத ஒருத்தி வந்த வேகத்தில் நான்கு ஆட்டம் சம்பாதித்துவிட்டாள்.

நான்கு மணிக்கு பல்தசாரின் ரேடியோ கரகரத்தது. வாசல் காவலாளி.

"இஞ்சினியர் சார், இங்க ஒருத்தர் கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கிறாரு. பஸ்ஸெல்லாம் ரிப்பன். அவரு ஒல்லிய அனுப்பச் சொல்றாரு. இங்க ஒல்லின்னு யாரு இருக்கா?"

வரிசை கொல்லென்று சிரித்தது. பல்தசார் ரேடியோவை நெரெய்தாவிடம் நீட்டினான்.

"அவருகிட்ட சொல்லுங்க, எனக்கு நகம் ஒடைஞ்சிடுச்சு" என்றாள் அவள். அவசரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

காவலாளி அதை அவனிடம் சொல்வது ரேடியோவில் கேட்டது. பிறகு காவலாளி சொன்னான்: "நகம் ஒடைஞ்சதுக்கா கல்யாணம் வேணாங்கிறீங்கன்னு கேக்குறாரு. மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. பக்கத்துல ஒரு சின்னப்பொண்ணு வேற அவரை மொறைச்சுக்கிட்டு இருக்கு."

"வேணுங்கறேன்னு சொல்லுங்க! பெட்டி மூணு பாக்கி இருக்கு. பஸ் இஞ்சின நிறுத்தாம ஓட விட்டு வைக்கச் சொல்லுங்க!"

"அப்புறம் நாப்பது ஆட்டத்துக்குக் கால ரெடியா வைக்கச் சொல்லுங்க!" என்று தொமாசா கத்தினாள்.

காவலாளி அதையும் அப்படியே சொன்னான். ரேடியோவில் ஹாரன் நீளமாக ஒருமுறை ஒலித்தது.

நான்கு இருபதுக்குக் கடைசி கனெக்டர் பச்சை காட்டியது. தள்ளுபடியான அந்த ஒன்றைச் சேர்க்காமல் மொத்தம் நாற்பத்து மூன்று பாதி மூடிகள். நாற்பத்து மூன்றும் இப்போது முழு மூடிகள். நெரெய்தா இருபத்திரண்டு சீட்டிலும் பதினேழு, பதினேழு என்று எழுதி முடித்ததும், தொமாசா அவளைக் கையோடு இழுத்தாள். இழுத்த வேகத்தில் மணிக்கட்டுப் பட்டையின் சுருள் கம்பி மேசையிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. யாரும் கவனிக்கவில்லை. பன்னிரண்டு நீலக்கோட்டும் வாசலுக்கு ஓடின.

பஸ்ஸுக்குள் யமிலெத் முன் இருக்கையில் அம்மாவின் வெள்ளை உடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நீதிபதிபோல உட்கார்ந்திருந்தாள். எவாரிஸ்தோ நெரெய்தாவைப் பார்த்தான்.

"நகத்தக் காட்டு" என்று மட்டும் சொன்னான்.

காட்டினாள். நகம் வெட்டிய இரண்டு பெருவிரலையும் பார்த்தான். "அழகாத்தான் இருக்கு ஒல்லி" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டான். இந்தத் தடவை கியர் விழுந்தது.

நடுவழியில் சரக்கு ரயில் மறித்தது. ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அது எப்போது வரும், எப்போது முடியும் என்று அதற்கே தெரியாது. "எண்ணாதீங்க, எண்ணினா பெட்டி கூடும்" என்றாள் தொமாசா. அந்தப் பத்து நிமிடத்தில் நீலக்கோட்டுகளைத் திரையாகப் பிடித்து அவர்கள் மணப்பெண்ணை உடுத்திவிட்டார்கள். ஜிப்பை ஏற்றும்போது முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் ஒரே குரலில், "தள்ளு!" என்றார்கள். ஏறிவிட்டது.

அரங்கத்து வாசலில் நின்றபோது ஐந்து இருபத்தைந்து. எல்லா ஜோடிகளையும் எழுந்து நிற்கச்சொல்லி, சம்மதமா என்று நீதிபதி அம்மாள் ஒலிபெருக்கியில் கேட்டு, முந்நூற்றுச் சொச்சம் வாய் ஒன்றாக 'ஆமாம்' சொல்லி, எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. எவாரிஸ்தோ அப்படியே நின்றுவிட்டான். யமிலெத்தின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

ஆனால் நாற்காலிகளை யாரும் மடக்கவில்லை. மேசைகளுக்கு முன்னால் நீள நீளமான வரிசை. வெள்ளை உடுப்புகளும் பூங்கொத்துகளும் பிள்ளைகளுமாக ஜோடிகள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எந்த நம்பர் போய்க்கிட்டு இருக்கு?" என்று தொமாசா முன்னால் நின்ற ஒருத்தியைக் கேட்டாள்.

"எங்க போகுது? நூத்தி ஒண்ணுலேர்ந்துதான் இந்த மேசை, நூத்தி ஒம்பதுலேயே நிக்குது. ரேகை விழ மாட்டேங்குதாம்."

நெரெய்தா எட்டிப் பார்த்தாள். மேசையில் ஒரு மணப்பெண் மையில் தோய்த்த பெருவிரலைப் பதிவேட்டில் அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட வெள்ளை நகம் காகிதத்தில் முட்டி, விரல் சாய்ந்து, ரேகை வழுக்கிக் கறையாகிவிட்டது. "இன்னொரு தடவ வைம்மா" என்றாள் பதிவேட்டுக்காரி, குரலில் உயிரே இல்லாமல். அவளுக்குப் பின்னால் நின்ற மணப்பெண்ணுக்கும் நீண்ட நகம். அதற்குப் பின்னாலும். நகரத்தின் தொழிற்சாலை வரிசைகளிலிருந்து வந்த அத்தனை மணப்பெண்களுக்கும் அவரவர் தோழிகள் நகம் வைத்து அனுப்பியிருந்தார்கள்.

தொமாசா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் நீதிபதி அம்மாளே திரும்பிப் பார்த்தாள்.

நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று, அது நான்கு தடவை. நூற்றுப் பன்னிரண்டு.

"எல்லாரும் சம்மதம் சொன்னப்ப நீங்க இல்லியே?" என்றாள் நீதிபதி அம்மாள், முன்னால் நின்ற இரண்டு பேரையும், பின்னால் நின்ற பதினோரு நீலக்கோட்டையும் பார்த்து.

"தனியா சொல்லிடறோம்மா" என்றான் எவாரிஸ்தோ.

"சரி. இவரு உங்களுக்கு யாரு?" என்று பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

நெரெய்தா போன கோடையிலிருந்து வைத்திருந்த சொல் அது. "புருஷன்" என்றாள்.

"இன்னும் ஆகலையே" என்று நீதிபதி சிரித்தாள்.

"ஆக்குங்கம்மா சீக்கிரம்!" என்றாள் யமிலெத்.

சம்மதம் கேட்டார்கள், சொன்னார்கள். நெரெய்தா பெருவிரலை மையில் வைத்து, பதிவேட்டில் வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தினாள். கோடு கோடாக, சுழி சுழியாக, சுத்தமாக விழுந்தது. பதிவேட்டுக்காரி அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "இன்னைக்கு விரல் உள்ள முதல் பொண்ணு நீதாம்மா. இது என்ன கையில, புது மாதிரி வளையலா?"

மணிக்கட்டுப் பட்டை. சுருள் கம்பி உடுப்பின் மடிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆடு கயித்த அறுத்துக்கிட்டு வந்துடுச்சு" என்றாள் தொமாசா.

மோதிரம் போட வேண்டியதுதான் பாக்கி. எவாரிஸ்தோ அவள் விரலில் மோதிரத்தை நுழைத்தான். நடு மூட்டில் நின்றுவிட்டது. திருகிப் பார்த்தான். அவன் நெற்றி வியர்த்தது. பின்னால் பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தள்ளு!" என்றார்கள்.

தள்ளினான். மூட்டைத் தாண்டி மோதிரம் விரலின் அடியில் போய் உட்கார்ந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் நெரெய்தாவுக்குக் கேட்டது.

"இழு!" என்றார்கள்.

அவள் மற்றொரு கையால் மோதிரத்தைப் பிடித்து, நகத்துக்குப் பயப்படாமல், காலையிலிருந்து இழுக்காத இழுப்பாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

தொமாசா இரண்டு கையையும் வாயருகே குவித்து, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"பச்சை! அடுத்தது!"

பதிவேட்டுக்காரி தன்னையறியாமல் நூற்றுப் பதின்மூன்றைக் கூப்பிட்டாள். எவாரிஸ்தோ, பின்னால் தன்னையே பார்த்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்த பதினோரு பெண்களையும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்: "அது என்ன ஒல்லி, நாப்பது ஆட்டம்?"

"நாப்பத்து மூணு" என்றாள் அவன் மனைவி.